கடைசித் தாள் இல்லாத பிரதி

செந்தூல் இடைநிலைப்பள்ளி நூலகத்தில்
படிவம் மூன்றில் இரவல் வாங்கி
நான் திருப்பித் தராத ஒரே புத்தகம்
உங்களுடையது, அஞ்சுகம் செல்லையா.
எனக்கு முன்பே யாரோ
கடைசித் தாளைக் கிழித்திருந்தார்கள்.
பக்கம் இருநூற்றுப் பத்தின் அடியில்
வினோதராணி தண்டவாள ஓரம் நிற்கிறாள்.
'ரயில் வரும் சத்தம்' என்று
ஒரு வரி தொடங்குகிறது.
பிறகு அட்டை.

பதினோரு வருஷம்
அவளை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

பொய் சொல்லும்போது இடது காதைத் தொடுவாளே, அவளை.
அதை ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள்.
அப்புறமெல்லாம் தோட்டைத் திருகினாள்,
காதோர முடியை ஒதுக்கினாள் என்று
போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்கள்.
மூன்றாவது வாசிப்பில்தான் பிடிபட்டது:
அம்மாவிடம் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்றபோதும்
முடியை ஒதுக்கியிருக்கிறாள்.
எல்.ஆர்.டி.யில் 'ஐயோ' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
பக்கத்து மலாய் அக்கா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

லோகேந்திரனை எப்படி எழுதினீர்கள்?
ஒன்பது கோல் விட்டுவிட்டு
ஒவ்வொன்றும் எந்தப் பக்கமாகப் போனது என்று
பஸ் டிக்கெட்டின் பின்னால் வரைந்துவைக்கும் கோல்கீப்பர்.
எங்கள் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்திருந்தால்
நானும் கேலி செய்திருப்பேன். அது தெரிந்ததால்
மறுநாள் ஒருவனைக் கேலி செய்யாமல் விட்டேன்.
ஒரு நாள் மட்டும்.

அம்மாவின் இரண்டாம் புருஷன் காளியப்பன்
எப்போது கை நீட்டுவார் என்று
நூறு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.
லாரி ஓட்டிவிட்டு வந்தவர்
பழைய பேப்பரை விரித்து நகம் வெட்டினார்,
கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்,
அவளுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து
இஸ்திரி போட்டார்.
அத்தியாயம் முடிந்தது.
வெறுப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

முகவரி எழுதியிருந்ததால் தேடியும் போனேன்.
புளோக் ஏழு, நான்காவது மாடி.
அந்தப் பிளாட்டில் ஆறோடு சரி.
ஏழு இருக்க வேண்டிய இடத்தில் கார் கழுவுகிறார்கள்.
யாரைத் தேடுகிறாய் என்று
நேப்பாளக் காவலாளி மலாயில் கேட்டார்.
கூட்டாளி என்றேன்.
ஆறில் கேட்டுப் பார் என்றார், பாவம்.

நான் எழுதிய முடிவுகள் எல்லாம் மோசம்.
ஒன்றில் அவள் ஈப்போவுக்குப் போய் நர்ஸ் ஆனாள்.
ஒன்றில் லோகேந்திரன் ஓடி வந்து கையைப் பிடித்தான்,
சினிமாவில் போல.
அப்பாவுக்கு வேலை போன வருஷம்
அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.
புத்தகத்தை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு
ஐந்து மாதம் எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம்.
மறுபதிப்பு, முப்பத்திரண்டு ரிங்கிட்.
உங்களுக்கு ஜலதோஷம்.
ரவிக்கைக் கையில் டிஷ்யூ செருகியிருந்தீர்கள்.
நிமிராமலே பெயர் கேட்டீர்கள்.
நிறைமதி என்றேன்.
'நிரைமதிக்கு, அன்புடன்' என்று எழுதினீர்கள்.
திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றவள்தானே,
நிரையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மஸ்ஜிட் ஜாமெக் நடைமேடையில்
நின்றபடி கடைசித் தாளைத் திறந்தேன்.
ரயில் அவளைக் கடந்து போகிறது.
வீட்டுக்கு நடக்கிறாள்.
லிப்ட் கெட்டுப்போயிருக்கிறது, ஏறுகிறாள்.
மெகி பாக்கெட்டைப் பிரிக்கிறாள்,
இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுகிறாள்.
முற்றும்.

பதினோரு வருஷத்துக்கு இவ்வளவுதானா?
செந்தூல் தீமோர் ரயில் வந்தது, போனது.
அடுத்ததும் வந்தது.
கதவு மூடும் மணி அடிக்கும்போதுதான் உறைத்தது.
வினோதராணிக்கு முட்டை வாடையே ஆகாது,
இரண்டாம் அத்தியாயம்.

யார் வருகிறார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

பழைய பிரதியைத் திருப்பித் தரப்போவதில்லை.
பள்ளியில் யாராவது கேட்டால்
தொலைந்துவிட்டது என்பேன்,
காதோர முடியை ஒதுக்கிக்கொண்டே.